தலைமாட்டில் நின்று பார்த்த இரண்டு பெட்டிகள்

1. வாங்கோ என்று சொன்ன நாள்

மலர்ச்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஏச்சு வாங்கினேன். அதற்கு முன் கோப்பாயில் அலுமாரியும் கட்டிலும் செய்கிற ஒரு தச்சுப்பட்டறையில் இருந்தவன். யார் வந்தாலும் வாய் நிறையக் கூப்பிட்டுப் பழக்கம். அன்று காலை ஒருவர் செத்துப்போன தன் தகப்பனுக்குப் பெட்டி எடுக்க வந்தார். "வாங்கோ, வாங்கோ" என்றேன். அதோடு விட்டேனா? அவர் வெளிக்கிடும்போது வாசல் வரை போய், "போட்டு வாங்கோ அண்ணை" என்று வழியனுப்பியும் வைத்தேன்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நீர் அந்த மனுசனைத் திரும்ப வரச்சொல்லி அனுப்புறீர். அடுத்தது ஆரின்ரை பெட்டி எடுக்க அவர் வாறது?"

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நான் அந்த வாசலில் ஒருவரையும் வரவேற்கவுமில்லை, வழியனுப்பவுமில்லை. வந்தாலும் தலையை ஆட்டுவேன், போனாலும் தலையை ஆட்டுவேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் முதன்முதலாக வந்தபோது நான் வாசல் படலையடியில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றதை மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் சிலர் என்னிடம், "உங்கடை அனுபவத்திலை ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். அனுபவம் என்றால் ஆட்கள் வெற்றிகளைத்தான் எழுதுவார்கள். எங்கள் தொழிலில் வெற்றி என்று ஒன்றும் கிடையாது. பிழை விடாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம். நான் விட்ட ஒரு பிழையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. ஆளுக்கொரு பெயர்

யாழ்ப்பாணத்தில் பெட்டி என்றால் முதலில் ஞாபகம் வருவது பனையோலைப் பெட்டிதான். பிட்டு அவிப்பதும் ஓலையால் இழைத்த நீத்துப்பெட்டியில்தான். எங்கள் இடத்தில் பெட்டி என்றால் சவப்பெட்டி ஒன்றுதான். அதற்குத்தான் ஆளுக்கொரு பெயர். மரண அறிவித்தலில் அது "பூதவுடல் தாங்கிய பேழை". எங்கள் பட்டறையில் அது வெறும் உயரம்: "ஐஞ்சே முக்கால் ஒண்டு முடிஞ்சுது, ஆறடி ஒண்டு கிடக்கு" என்றுதான் பேச்சு. தூக்குகிறவர்களுக்கு அது ஆள். "ஆளைக் கவனமா இறக்கு" என்பார்களே ஒழிய, பெட்டியை இறக்கு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். விமான நிலையத்துக் கடுதாசிகளில் அது சரக்கு. இத்தனை கிலோ என்று எழுதியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறதை நாங்கள் சீல் பெட்டி என்போம். வெளியே மரம், உள்ளே துத்தநாகத் தகடு. தகட்டின் மூட்டெல்லாம் ஈயம் உருக்கி ஒட்டியிருக்கும். அதற்கு மேலே சாக்கு சுற்றி, தலைமாட்டில் பெயர் எழுதிய லேபிள் ஒட்டியிருப்பார்கள். திறக்க வேண்டாம் என்று கடுதாசியில் குறித்திருக்கும்.

புதைக்கிற ஆட்கள் என்றால் அது அப்படியே குழிக்குள் இறங்கும். எரிக்கிற ஆட்கள் என்றால் எனக்கு வேலை இருக்கும். தகடு எரியாது. ஆகவே சுடலைக்குப் போனபின், பெண்கள் யாரும் இல்லாத இடத்தில், மரமூடியைக் கழற்றித் தகட்டை விளிம்போடு வெட்டிவிடுவேன். வெட்டின தகட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டேன். பார்க்கக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு வழக்கமும் என்னிடம் இருந்தது. அது முதலாளி சொன்னதல்ல, நானே ஏற்படுத்தியது. சீல் பெட்டி வந்தால் சாக்கு, லேபிள், ஒட்டின கடுதாசி எல்லாவற்றையும் ஒன்றும் மிச்சமில்லாமல் உரித்து, மரத்தைத் துடைத்து, பட்டுப் போர்த்து, மாலை போட்ட பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவேன். வருடக்கணக்காக வெளிநாட்டில் கிடந்து உழைத்த மனுசன் அரிசி மூட்டை மாதிரி வீட்டுக்குள் போகக்கூடாது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையில்தான் வினை இருந்தது.

3. தலையைத் தெற்கே திருப்பினது

அந்த முறை ஒரே நாளில் இரண்டு சீல் பெட்டிகள் கொழும்புக்கு வந்தன. ஒன்று கரவெட்டி சிவகுமாரன். மற்றது குருநகர் அன்ரன். இரண்டு பேரும் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள், இரண்டு பேருக்கும் ஐம்பது வயதளவில். இரண்டு பெட்டியும் ஒரே மரம், ஒரே நிறம், ஒரே கைப்பிடி. நானும் சாரதி மரியதாசும் ஒரே வான் வண்டியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

மரியதாஸ் குருநகரான். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவன். முறிகண்டியில் எல்லா வாகனமும் நின்று பிள்ளையாரைக் கும்பிட்டுப் போகும். பிரேதம் ஏற்றிய வான் நிற்கக்கூடாது. மரியதாஸ் கிறிஸ்தவ வேதக்காரன் என்றாலும் அந்த இடத்தில் ரேடியோவை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, கோவிலைத் தாண்டினபின்தான் திரும்ப வேகத்தைக் கூட்டுவான். அவனுக்குப் பிள்ளையாரோடு தனிக் கணக்கு.

பின்னேரம் ஐந்து மணிக்கு மலர்ச்சாலைக்கு வந்து சேர்ந்தோம். மண்டபத்தில் இரண்டு தள்ளுவண்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியை இறக்கினோம். மரியதாஸ் வானைக் கழுவப் போய்விட்டான்.

இனிச் சொல்வதை ஆறுதலாக, அவசரப்படாமல் வாசியுங்கள். இறக்கின வசத்தில் இரண்டு பெட்டிக்கும் தலைப்பக்கம் வடக்கே இருந்தது. நான் எப்போதும் தலைமாட்டில் நின்று வேலை செய்கிறவன். தலைமாட்டில் நின்று லேபிள்களை வாசித்தேன். என் இடது கைப்பக்கம் கரவெட்டி, வலது கைப்பக்கம் குருநகர். மனதில் பதித்துக்கொண்டேன். பிறகு சாக்கைக் கிழித்து, லேபிளை உரித்து, எல்லாவற்றையும் பின்வளவில் போட்டுக் கொளுத்தினேன்.

திரும்பி வந்த பிறகுதான் தலை வடக்கே கிடப்பது கண்ணில் குத்தியது. சைவ ஆட்களைத் தெற்கே தலை வைத்துத்தான் கிடத்துவோம். கரவெட்டியாரை மட்டும் திருப்பினால் இரண்டு பேரும் தலையும் காலுமாகக் கிடப்பார்கள், அதுவும் சரியில்லை. ஆகவே ஒவ்வொரு தள்ளுவண்டியையும் நின்ற இடத்திலேயே சுழற்றி, இரண்டு பேரின் தலையையும் தெற்கே திருப்பினேன். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து, வழக்கம்போல் தலைமாட்டில் போய் நின்றேன். தலைமாடு இப்போது எதிர்ப்பக்கம். ஆனால் என் மனதில் இருந்தது, இடது கை கரவெட்டி. இடது கைப் பெட்டிக்குப் பட்டுப் போர்த்து மாலை போட்டேன். வலது கைப் பெட்டியின் மேல் மரச்சிலுவையை வைத்தேன்.

நான் திரும்பி நின்றதால் என் இடதும் வலதும் மாறிவிட்டன, அவர்கள் இரண்டு பேரும் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள் என்பது என் மண்டைக்குள் ஏறவில்லை. சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். முப்பது வருடம் வேலை செய்தவனுக்கு விளங்கவில்லை.

4. பலகைக்கு வாய்க்கரிசி

அடுத்த நாள் காலை முதலில் குருநகருக்குப் போனோம். அது கிட்ட. கடற்கரைக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. அன்ரனின் தகப்பன் சூசைப்பிள்ளை வாசலில் நின்றார். எழுபத்தைந்து வயதிருக்கும், இன்னும் வலை இழுக்கிற கை. பெட்டியை உள்ளே வைத்ததும் அன்ரனின் தங்கை, "ஐயா, முகத்தை ஒருக்காப் பாக்கேலாதோ?" என்று தகப்பனைக் கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் சூசைப்பிள்ளை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "என்ரை அண்ணன் கடலிலை போனவன், தம்பி. அவனுக்குப் பெட்டியே இல்லை. இவனுக்கு ஒரு பெட்டி வந்து சேந்ததே காணும்."

அடக்கம் பின்னேரம் மூன்றரைக்கு என்றார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்து கரவெட்டிக்குப் போனபோது ஒன்பது மணி. பந்தல் போட்டிருந்தது. பறைமேளக்காரர் வந்திருந்தார்கள், கிரியை செய்ய ஐயரும் வந்திருந்தார். சிவகுமாரனுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்கப் போகிறவர் தமையன் தில்லையம்பலம். கொள்ளி தன் கையில் என்றால் அந்த வீட்டில் எல்லா முடிவும் தன் கையில் என்று அவர் நினைத்திருந்தார். பகல் பன்னிரண்டுக்குச் சுடலைக்கு எடுப்பதாக ஏற்பாடு. நான் தகடு வெட்டும் கத்தரியும் உளியும் கொண்டு கூடவே போகவேண்டியவன், ஆகவே அங்கேயே நின்றேன்.

சிவகுமாரனின் மனைவி வசந்தி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். புருசன் வெளிநாடு போய்ப் பதினான்கு வருடம். விசா விசா என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. அவர் பெட்டியடிக்கு வந்து அழவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணை, பெட்டியைத் திறவுங்கோ."

"தங்கச்சி, உது சீல் வைச்ச பெட்டி. திறக்காமல் விடுறதுதான் நல்லது. முகம் எப்பிடி இருக்குமெண்டு தெரியாது. உயிரோடை இருந்த முகத்தையே மனசிலை வைச்சிருங்கோ."

இந்த வசனம் எனக்குப் பாடம். எத்தனையோ வீடுகளில் சொல்லி, எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கியிருக்கிறார்கள்.

"கடுதாசியிலையும் திறக்கப்படாதெண்டுதான் கிடக்கு" என்றார் தில்லையம்பலம். "நீ உள்ளை போ, வசந்தி."

வசந்தி போகவில்லை. "அப்ப வாய்க்கரிசி?" என்று கேட்டார்.

"மூடியிலை போடலாம், தங்கச்சி" என்றேன். "தலைமாட்டுப் பக்கமாப் போடுறது. சீல் பெட்டி எண்டா எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை."

"பதினாலு வருசமா அந்த மனுசனைப் போன் கண்ணாடிக்குள்ளைதான் பாத்தனான். இப்ப வீட்டுக்கு வந்த பிறகும் பலகைக்கோ அரிசி போடுறது?"

பறை அடித்தவர் நிறுத்திவிட்டார். வசந்தி என்னை விடவில்லை.

"சுடலையிலை தகட்டை வெட்டுவியளோ இல்லையோ?"

"வெட்டத்தானே வேணும். வெட்டாட்டி எரியாது."

"அப்ப ஆம்பிளையள் நிக்கிற இடத்திலை வெட்டலாம், நான் நிக்கிற இடத்திலை வெட்டேலாது. அப்பிடியோ?"

"அங்கையும் ஒருத்தரும் பாக்கிறேல்லை, தங்கச்சி. நானும் பாக்கிறேல்லை. விளிம்பை மட்டும் வெட்டிப்போட்டு விட்டிடுவன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிழையாகக் கணக்குச் செய்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"அப்ப உள்ளுக்கை ஆர் எண்டு ஒருத்தருமே பாக்காமலோ எரிக்கிறியள்?"

அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கேள்வி அதுவாக வந்தது. தில்லையம்பலம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் கத்தரியை எடுத்துவிட்டேன்.

இரண்டு பேரைக் கொண்டு ஒரு வெள்ளை வேட்டியை மறைப்பாகப் பிடிக்கச் சொன்னேன். முதலில் நான் பார்த்து, முகத்தைச் சரிபண்ணி, பிறகு மனைவியைக் கூப்பிடுவது என்று எண்ணம். மரமூடியின் ஆணிகளைக் கழற்றினேன். தலைமாட்டுப் பக்கம் தகட்டை நெஞ்சளவுக்கு வெட்டி மடித்தேன். வெள்ளைத் துணியை விலக்கினேன்.

முகம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை. நெஞ்சின் மேல் வைத்த கையில் ஒரு செபமாலை சுற்றியிருந்தது.

கரவெட்டியாருக்கு ஏன் செபமாலை என்று ஒரு கணம் யோசித்தேன். அடுத்த கணம் மண்டபமும் தள்ளுவண்டியும் பிளேன்ரீயும் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. வசந்தி கேட்டிராவிட்டால் இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் சூசைப்பிள்ளையின் மகனைக் கரவெட்டிச் சுடலையில் வைத்து எரித்திருப்பேன்.

விட்ட பிழையை எழுதுவதாகச் சொல்லித்தான் இதைத் தொடங்கினேன். ஆகவே இதையும் எழுதுகிறேன். "முகம் பாக்கிற மாதிரி இல்லை" என்று சொல்லித் துணியை மூடிவிடலாம் என்று அப்போது நினைத்தேன். மூடியபின் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. மூடவேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. ஆனால் வசந்தி கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. வேட்டியை விலக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஆர் அண்ணை இது?"

"பெட்டி மாறிப்போச்சு, தங்கச்சி. என்ரை பிழை."

பிறகு நடந்தது உங்களுக்கே விளங்கும். தில்லையம்பலம் என் சட்டைக் கொலரைப் பிடித்தார். "நீயெல்லாம் ஒரு மனுசனோடா!" என்றார். யாரோ வானை அடித்து நொறுக்கு என்று சத்தம் போட்டார்கள். வேறொருவர் ஆர் வீட்டுப் பிரேதத்துக்கு நாங்கள் அழுதது என்று கேட்டார். ஐயர் ஒரு பக்கமாகப் போய் நின்று, எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார்.

வசந்தி மட்டும் சத்தம் போடவில்லை. "அவர் எங்கை?" என்று கேட்டார்.

"குருநகரிலை. இவரின்ரை வீட்டிலை."

"அவை புதைக்கிறவையெல்லோ?"

"ஓம். மூண்டரைக்கு அடக்கம்."

மணிக்கூட்டைப் பார்த்தார். "இப்ப பத்தே கால். போங்கோ."

நாங்கள் பெட்டியை மூடி வானில் ஏற்றும்வரை அவர் கூடவே நின்றார். நான் முன் இருக்கையில் ஏறியபோது யன்னலடிக்கு வந்து ஒரு வசனம் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்கள் திறக்க வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

5. பாதியில் விடாத செபமாலை

வல்லை வெளியில் போகும்போது முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் பழைய முதலாளியின் மகன். கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன். பயந்துபோனார்.

"குருநகரிலை வாய் திறவாதையும். ஏதோ சீல் பாக்கவேணும், கடுதாசி பாக்கவேணும் எண்டு சொல்லி அந்தப் பெட்டியை எடும். இதை வையும். அவைக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை."

நான் போனை வைத்தேன். மரியதாஸ் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"என்னவாம்?"

சொன்னேன்.

"அண்ணை, அவை என்ரை கோவில் பங்குச் சனம். அன்ரன் என்னோடை படிச்சவன். உப்பிடிப் பொய் சொல்லிப்போட்டு நான் ஞாயிற்றுக்கிழமை எங்கை போய் நிக்கிறது?"

எனக்கு வீரம் வந்து உண்மை சொன்னேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். மூடி கழற்றியிருந்தது, தகடு வெட்டியிருந்தது. பொய் சொல்லவும் வழியில்லை. மரியதாசும் விடமாட்டான். இவ்வளவும் சேர்ந்துதான் நான் நல்ல மனுசனானேன்.

பதினொன்றேகாலுக்குக் குருநகர் ஒழுங்கைக்குள் போனோம். வீட்டுக்குள் பெண்கள் பெட்டியைச் சுற்றியிருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நான் சொல்லட்டோ?" என்று மரியதாஸ் கேட்டான். வேண்டாம் என்றேன். சூசைப்பிள்ளையை முற்றத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். சுற்றிவளைக்கவில்லை. உங்கள் மகன் வெளியே வானுக்குள் இருக்கிறார், உள்ளே இருப்பது வேறொருவர், மாற்றிப் போட்டது நான் என்று மூன்று வசனம்.

அவர் என் கன்னத்தில் ஒன்று விட்டார். வலை இழுத்த கை. காதுக்குள் கனநேரம் இரைந்தது. நான் விலகவில்லை. அடுத்ததும் வரும் என்று நின்றேன். வரவில்லை.

"அப்ப உள்ளுக்கை கிடக்கிறது ஆர்?"

"சிவகுமாரன் எண்டு பேர். கரவெட்டி."

"சைவமோ?"

"ஓம்."

"வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"மனுசி. அவதான் திறந்து பாக்கவேணுமெண்டு நிண்டவ. அதாலைதான் தெரிய வந்தது."

அவர் உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளே சத்தம் வெடிக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் சொல்ல, பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். ஒருத்தி எழும்பப் பார்த்தாள்.

"இருங்கோ" என்றார் சூசைப்பிள்ளை. "பாதியிலை விடாதேங்கோ. இவ்வளவு நேரமும் இந்த மனுசனுக்குத்தானே சொன்னது. இவனுக்கே சொல்லி முடியுங்கோ. பேர் சிவகுமாரன்."

செபமாலையில் இன்னும் இரண்டு பத்து மீதி இருந்தது. கரவெட்டியில் ஒரு பெண் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கெதியாக முடியுங்கோ என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கன்னம் எரிய எரிய நின்றேன். முடிந்ததும் சூசைப்பிள்ளை மூடியிலிருந்த சிலுவையைத் தானே எடுத்தார். பெட்டியைத் தூக்க நாங்கள் போனபோது கையால் விலக்கினார். அவர்களே ஆறு பேர் தோளில் வைத்து, ஒழுங்கை முடியும் வரை நடந்து வந்து, வானில் ஏற்றினார்கள்.

அன்ரனின் பெட்டியை உள்ளே கொண்டுபோனதும், தகடு தலைமாட்டில் வெட்டியிருப்பதைச் சொன்னேன். "பாக்கிறதெண்டா பாக்கலாம், ஐயா. முகம் நல்லா இருக்கு."

காலையில் வேண்டாம் என்று சொன்ன மனுசன். மடித்திருந்த தகட்டைத் தானே விலக்கினார். நெடுநேரம் பார்த்தார். என்னை அறைந்த அதே கையால் மகனின் செபமாலையை நேராக்கி வைத்தார். தங்கை தலைமாட்டில் விழுந்து அழுதாள். நாங்கள் புறப்பட்டோம்.

6. ஓம்

ஒன்றரைக்குக் கரவெட்டிக்குத் திரும்பினோம். வெயிலில் பந்தல் காய்ந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் ஒருவரும் போகவில்லை, இன்னும் கூட்டம் கூடித்தான் இருந்தது. நான் இறங்கியதும் வழிவிட்டார்கள். அந்த வழிவிடுதலில் மரியாதை ஒன்றும் கிடையாது.

இந்த முறை மறைப்பு வேண்டாம் என்றார் வசந்தி. எல்லோருக்கும் முன்னால் மூடியைக் கழற்றினேன். தகட்டை வெட்டும்போது இதிலும் வேறு ஆளாக இருந்தால் என்ற பயம். அப்படி இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் பயந்தேன். துணியை விலக்கிவிட்டுப் பின்னால் போய் நின்றேன்.

வசந்தி குனிந்து பார்த்தார். கிழமைக்கு இரண்டு தரம் போனில் பார்த்த முகம்தான். தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அழவில்லை. கையை நீட்டித் தாடையில் நாடிக்குக் கீழே விரலால் தடவினார். எதையோ தேடினார். தில்லையம்பலம் பொறுக்க முடியாமல், "என்ன வசந்தி?" என்றார்.

"சின்னனிலை கிணத்துக் கட்டிலை விழுந்த காயம், அத்தான். போனிலை தெரியாது. தொட்டாத்தான் தெரியும்."

விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஓம்" என்றார். "இவர்தான்."

அதற்குப் பிறகுதான் அழுதார். வாய்க்கரிசியைக் கையில் எடுத்தவர் அதைப் போடவே முடியாமல் அழுதார். பறை தொடங்கியது. நான் வேலியோரம் போய் நின்றுகொண்டேன். நான்கு மணிக்குச் சுடலையில் மிச்சத் தகட்டையும் வெட்டிவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வந்தேன். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு வருகிற வழக்கம் இல்லைத்தானே.

முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க ஒரு படிவம் அடிப்போம், இரண்டு பேர் கையெழுத்து வைக்கட்டும் என்றார். படிவம் அடித்தார்கள். இப்போதும் இருக்கிறது, நீங்களும் நிரப்புகிறீர்கள். நிரப்புங்கள். ஆனால் கடுதாசி பெட்டியைப் பற்றித்தான் சொல்லும், உள்ளே இருக்கிற ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. லேபிளைக் கடைசி நிமிடம் வரைக்கும் உரிக்காதீர்கள். அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மலர்ச்சாலையிலேயே தகட்டை முகமளவுக்கு வெட்டுங்கள். அந்த முகத்தைத் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து "ஓம்" என்று சொல்லட்டும். முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்றால் கையைக் காட்டுங்கள், காலைக் காட்டுங்கள். அவர்களுக்குத் தெரியும். நான் ஓய்வு பெறும்வரை, அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்காமல் ஒரு சீல் பெட்டியையும் வெளியே விடவில்லை.

உயிரோடிருந்த முகத்தையே மனதில் வைத்திருங்கள் என்று அதற்குப் பிறகு நான் ஒரு வீட்டிலும் சொன்னதில்லை.

சூசைப்பிள்ளை அறைந்தது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அது எனக்கு வரவேண்டியது, வந்தது, கணக்குத் தீர்ந்தது. தீராதது வசந்தியின் விரல்தான். பதினான்கு வருடம் காத்திருந்த மனுசி, முகத்தைக் கண்ட உடனே விழுந்து அழுதிருக்க வேண்டியவர். அந்த அழுகைக்கு முன்னால் அவரைத் தழும்பு தேட வைத்தவன் நான்.